வார்ஸ்பைட் பக்கம் பேசினேன்

பிப்ரவரி 3, செவ்வாய்

ஐந்து வாரத்துக்குப் பிறகு இன்று வேலைக்குப் போனேன். சிக்னல் கோபுரத்துக்கு இல்லை. நிர்வாகக் கட்டிடத்தின் பின்பக்கம் இருக்கும் பழைய ஆவண அறைக்கு.

பதினான்கு வருடமாக இந்தத் தூத்துக்குடித் துறைமுகத்தின் கோபுரத்தில் உட்கார்ந்து வருகிற, போகிற கப்பல்களுடன் ரேடியோவில் பேசுவது என் வேலை. எந்த இடத்தில் நங்கூரம் போடுவது, கப்பலை உள்ளே கொண்டுவரும் பைலட் எத்தனை மணிக்கு வந்து ஏறுவார், கப்பல் நிற்க எந்தத் தளம் காலி, எல்லாம் நான்தான் சொல்வேன். டிசம்பர் கடைசியில் தைராய்டு கட்டியை எடுத்தார்கள். கட்டி கெட்ட கட்டி இல்லை என்று வந்துவிட்டது. ஆனால் குரல் நாண் இரண்டில் ஒன்று அசைய மறுக்கிறது. இப்படி ஆகலாம் என்று டாக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார். ஆறு மாதத்தில் சரியாகலாம், ஆகாமலும் போகலாமாம். இப்போது நான் பேசினால் ஓட்டை விழுந்த குழாயில் தண்ணீர் வருவது போலிருக்கிறது. பாதி காற்று.

துறைமுக அதிகாரி கேப்டன் ஹரிஹரசுதன் மரியாதையாகத்தான் சொன்னார். "ரேடியோவில ஒரு எண்ணைத் தப்பா கேட்டாக்கூட கப்பல் தரை தட்டிடும் ஜெசிந்தா. உங்களுக்கே தெரியும்."

தெரியும். எனக்கு வருத்தமில்லை. ஆவண அறையில் மின்விசிறி நன்றாகச் சுற்றுகிறது.

பத்து நாற்பதுக்கு ஒரு மரக்கப்பல் ஊதல் கொடுத்து உள்ளே வந்தது. ஒன்பது மணிக்கே வந்திருக்க வேண்டியது.

பிப்ரவரி 5, வியாழன்

மீன்காரி வாசலில் வந்து, "ஊளி நல்லாருக்கு, எடுக்கீயளாக்கா?" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர் ரெக்ஸன் உள்ளேயிருந்து, "வேண்டாம், சாளை இருந்தாப் போடு" என்றார்.

எனக்கு ஊளிதான் வேண்டியிருந்தது. சாளை சாப்பிட்டோம்.

பிப்ரவரி 9, திங்கள்

பேச்சுப் பயிற்சியாளர் ஷமீமாவிடம் முதல் நாள். என்னைவிடப் பத்து வயது இளையவள். கறாரானவள்.

"கத்தக் கூடாது. குசுகுசுன்னும் பேசக் கூடாது, அது அதவிட மோசம். தெனம் இருபது நிமிசம் சத்தமா எதையாவது வாசிக்கணும். நீங்க வேலையில என்னக்கா அதிகமாப் பேசுவீங்க?"

"எண்கள்" என்றேன்.

"அப்ப எண்ணா இருக்கிற எதையாவது படிங்க."

பிப்ரவரி 11, புதன்

மாலுமிகள் சங்க நூலகத்தில் எண்கள் நிறைந்த புத்தகம் கேட்டேன். ஒரு தடித்த புத்தகத்தைத் தூசி தட்டிக் கொடுத்தார்கள். பழைய போர்க்கப்பல்களின் அட்டவணை. நீளம், அகலம், மிதவை ஆழம், வேகம், பீரங்கி, கவசம். சண்டைக் கப்பல்மேல் எனக்கு ஒரு ஆசையும் கிடையாது. ஆனால் நீளம், ஆழம், வேகம் என்று வாசிக்கும்போது நாக்கு தானாகப் பழைய பாதையில் போகிறது.

மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்கு வாசித்துக் காட்டினேன். பிஸ்மார்க், இருநூற்று ஐம்பத்தொரு மீட்டர். ஐயோவா, இருநூற்று எழுபது. இதையெல்லாம் எந்தத் தளத்தில் கட்டி நிறுத்துவது, எத்தனை இழுவைப் படகு வேண்டும் என்று என்னையறியாமல் யோசித்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 20, வெள்ளி

இன்று குரல் வரவே இல்லை.

பிப்ரவரி 25, புதன்

சாம்பல் புதன். கோவிலில் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு நேராக வேலைக்குப் போனேன். கோபுரம் வழியாகப் போனால் கால்மணி நேரம் கூடுதல். நடப்பது உடம்புக்கு நல்லது என்பதால் அந்த வழியாகத்தான் தினமும் போகிறேன்.

அறிவிப்புப் பலகையில் ஒரு தாள். ஏப்ரல் 5, தேசிய கடல்சார் தினம். ஊழியர்களின் சுழலும் சொல்லரங்கம்: "போர்க்கப்பல்களில் தலைசிறந்தது எது?" நான்கு பேச்சாளர், நான்கு கப்பல், ஆளுக்குப் பத்து நிமிடம். பெயர் கொடுக்க வேண்டியது நலப்பிரிவில்.

மார்ச் 2, திங்கள்

பெயர் கொடுத்துவிட்டேன். ஏன் என்று நலப்பிரிவில் கேட்டார்கள். புத்தகம் கையில் இருக்கிறதே என்றேன். வேறு காரணம் எதுவும் இல்லை.

மாலையில் சீட்டுக் குலுக்கினார்கள். சரக்குப் பிரிவின் ஆவுடையப்பன் சாருக்கு யமாட்டோ. இருபது வருடமாக இங்கே எந்த மேடை போட்டாலும் பரிசு அவருக்குத்தான். மணிக் கூண்டு மாதிரிக் குரல். தீயணைப்பு நிலையத்து எபனேசருக்கு பிஸ்மார்க். கணக்குப் பிரிவு மங்கைக்கு ஐயோவா. கடைசிச் சீட்டு எனக்கு. பிரித்தேன். வார்ஸ்பைட்.

"அது எந்த ஊர்க் கப்பல்?" என்றாள் மங்கை.

"இங்கிலாந்து" என்றேன். அந்த ஒரு சொல்லே பாதியில் உடைந்தது. யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

மார்ச் 6, வெள்ளி

ரெக்ஸனுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. இழுவைப் படகில் எஞ்சின் ஓட்டுகிறவருக்குத் துறைமுகத்தில் எந்தச் செய்தியும் தப்பாது.

"ஐநூறு பேரு உக்காந்திருப்பான் ஜெசி. சத்தம் வரலைன்னா என்ன செய்வ?"

"நின்னுட்டு வந்திருவேன்."

"உன்னப் பாத்துப் பாவம்னு சொல்லுவானுவ. என்னால கேக்க முடியாது."

"இப்ப மட்டும் சொல்லலையா? மீன்காரிக்குக்கூட நீங்கதான பதில் சொல்லுதீங்க."

அவர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்து போனார். அதைச் சொல்லியிருக்க வேண்டாம். சொன்னதில் பொய்யும் இல்லை.

மார்ச் 12, வியாழன்

கேப்டன் கூப்பிட்டனுப்பினார். ஏப்ரல் 16 அன்று மருத்துவக் குழு முன்னிலையில் எனக்கு ரேடியோச் சோதனை. வெளியே நங்கூரப் பகுதியில் படகில் ஒருவர் உட்கார்ந்து நான் சொல்வதை எழுதுவார். எழுதியதில் பிழை இருந்தால் ஆவண அறைதான் நிரந்தரம்.

"ஆறு மாசம்னு டாக்டர் சொன்னாரே சார்."

"கோபுரத்தில ஆள் குறைவு ஜெசிந்தா. அதுக்கு மேல என்னால அந்த இடத்தைக் காலியா வைக்க முடியாது."

சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். ஆவண அறையில் தூசி அதிகம். கண் எரிந்தது.

மார்ச் 17, செவ்வாய்

வார்ஸ்பைட்டின் குறைகளை எழுதினேன். நிறைகளை யார் வேண்டுமானாலும் எழுதலாம். எதிரில் இருப்பவர் எதை எடுத்து அடிப்பார் என்று தெரிய வேண்டும்.

மெதுவான கப்பல். மணிக்கு இருபத்துநான்கு கடல் மைல், ஐயோவா முப்பத்துமூன்று. வயதான கப்பல், முதல் உலகப் போருக்குக் கட்டியதை இரண்டாவதுக்கும் ஓட்டினார்கள். பீரங்கி எட்டு, பதினைந்து அங்குலம். யமாட்டோவுக்கு ஒன்பது, பதினெட்டு அங்குலத்துக்கும் கொஞ்சம் மேல். எல்லாவற்றையும் விட மோசம் சுக்கான். 1916இல் ஜட்லாண்ட் சண்டையில் எதிரிப் படையின் முன்னால் சுக்கான் இறுகிப்போய், நேராகப் போக முடியாமல் வட்டமடித்தது. அந்தச் சுக்கான் கோளாறு அதன் ஆயுள் முழுக்க விட்டுவிட்டு வந்திருக்கிறது.

எழுதி முடித்ததும் இந்தக் கப்பலை எனக்குப் பிடித்துப்போயிற்று.

மார்ச் 21, சனி

ஷமீமா கடிகாரம் வைத்துப் பார்த்தாள். ஆறு நிமிடம் குரல் நிற்கிறது. ஏழாவதில் போய்விடுகிறது.

"பத்து நிமிசம் பேசணுமா? பேச்சச் சின்னதாக்குங்க."

"மத்தவுங்க பத்து நிமிசம் பேசுவாங்க."

"பேசட்டும். நீங்க ஏன் பழைய குரல்லயே பேசப் பாக்கீங்க? அதுக்கு ரெண்டு நாண் வேணும். கீழ ஒரு குரல் இருக்கு பாருங்க, அதில பேசுங்க."

கீழே இறக்கிப் பேசிப் பார்த்தேன். என் அப்பா குரல் மாதிரி இருந்தது. ஆனால் காற்று குறைந்திருந்தது.

மார்ச் 28, சனி

ரெக்ஸனுக்கு இன்று ஓய்வு. மாலையில் வண்டியை எடுத்துக்கொண்டு, "ஏறு" என்றார். ரோச் பூங்கா தாண்டிக் கடற்கரைக்கு வந்தோம். என்னை ஓரிடத்தில் நிற்க வைத்துவிட்டு அவர் நடந்தார். நாற்பது காலடி எண்ணி நின்று, என் பக்கம் திரும்பினார்.

"நீ பேசு. எனக்குக் கேட்டாக் கையத் தூக்குதேன்" என்று கத்தினார். "எஞ்சின் ரூம் காது இது. எனக்கே கேட்டா ஊருக்கே கேக்கும்."

காற்று அடித்துக்கொண்டிருந்தது. நான் பேசினேன். கை எழவில்லை. சத்தத்தைக் கூட்டினேன், குரல் கிழிந்தது, கை எழவில்லை. பிறகு கோபுரத்தில் பேசுவது போலப் பேசிப் பார்த்தேன். வெளியில் புயல் அடிக்கும்போது, இரைச்சலுக்கு நடுவில், மொழி சரியாகத் தெரியாத மாலுமிக்குச் சொல்வது போல. நான்கு சொல். நிறுத்தம். மறுபடி நான்கு சொல். எண் வந்தால் ஒவ்வொரு இலக்கமாக.

கை எழுந்தது. இறங்கவே இல்லை. தூக்கிய கையோடு முழுப் பேச்சையும் கேட்டார்.

வண்டியைத் திருப்பினார். சந்தை முனையில் நிறுத்தி, "என்ன வாங்கணுமோ நீயே கேளு" என்றார். தவக்காலம், மீன் கிடையாது. கத்தரிக்காய் கேட்டேன். கொடுத்தார்கள்.

ஏப்ரல் 4, சனி

சேலைக்கு இஸ்திரி போட்டாயிற்று. பயமில்லை. மூன்று தடவை சாப்பிட உட்கார்ந்து மூன்று தடவையும் எழுந்துவிட்டேன்.

ஏப்ரல் 6, திங்கள்

நேற்று எழுத முடியவில்லை. இன்று விடுப்பு. எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும்.

நேற்றுக் குருத்து ஞாயிறு. காலையில் குருத்தோலைப் பவனி. எல்லோரும் பாடினார்கள், நான் வாயை மட்டும் அசைத்தேன், குரலைச் சேமிக்க. மாலை ஐந்து மணிக்குத் துறைமுகக் கலையரங்கம். உள்ளே இடமில்லாமல் சுவரோரமும் நின்றார்கள். பின்வரிசையில் வெள்ளைச் சட்டையோடு பைலட்டுகள். நடுவர் பேராசிரியர் கொம்பையா, கல்லூரியில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவர். "எனக்குக் கட்டுமரத்துக்கும் கப்பலுக்கும் வித்தியாசம் தெரியும். அதுக்கு மேல நீங்கதான் சொல்லித் தரணும்" என்று ஆரம்பித்தார்.

மங்கை நன்றாகப் பேசினாள். ஐயோவாவின் வேகம், ராடார் பார்த்துக் குறிவைக்கும் பீரங்கி, நாற்பதுகளில் கட்டிய அந்த வகைக் கப்பல்கள் தொண்ணூறுகள் வரை சண்டைக்குப் போனது. எபனேசர், ஹூட் என்ற பெருங்கப்பலை பிஸ்மார்க் சில நிமிடங்களில் முடித்ததைச் சொன்னபோது அரங்கம் கை தட்டியது.

பிறகு ஆவுடையப்பன் சார். ஒலிபெருக்கியைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டுத்தான் ஆரம்பித்தார்.

"எழுபத்திரண்டாயிரம் டன் ஐயா. உலகத்தில அதுக்கு முன்னாலயும் இல்ல, பின்னாலயும் இல்ல. நாப்பது கிலோமீட்டர் தள்ளி நிக்கிறவன் தலையில குண்டு போடும். திருச்செந்தூர்ல நின்னு தூத்துக்குடிய அடிக்கிற மாதிரி." அரங்கம் அதிர்ந்தது. அவர் என் பக்கம் திரும்பினார். "வார்ஸ்பைட்டுனு ஒண்ணு இருக்காம். எதிரி முன்னால சுக்கான் மாட்டிக்கிட்டுச் செக்குமாடு மாதிரிச் சுத்துச்சாம். அதுக்கும் பேச ஒரு குரல் கிடைச்சிருக்கு."

சிரிப்பு. அவர் என் தொண்டையைக் குத்திச் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன். சிரித்தவர்களில் பாதிப் பேருக்கும் பிறகுதான் உறைத்தது. சிரிப்பு நடுவில் நின்றுபோன விதத்தில் தெரிந்தது.

நான் எழுந்து போய் ஒலிபெருக்கியை வாய்க்கு நெருக்கமாக இழுத்தேன். ரேடியோ மைக்கைப் பிடிப்பது போலத்தான். கீழ்க்குரலில் ஆரம்பித்தேன்.

"வார்ஸ்பைட்டோட குறைய நானே சொல்லுதேன். மெதுவான கப்பல். வயசான கப்பல். சுக்கான் சரியில்ல. அண்ணாச்சி சொன்னது நிஜம். வட்டம் அடிச்சுது. வேணும்னு அடிக்கல."

முதல் வரிசையில் யாரோ, "கேக்கல" என்றார்கள். நடுவர் கையைக் காட்டி அடக்கினார். நான் சத்தத்தைக் கூட்டவில்லை. நிறுத்தினேன். அரங்கம் அமைதியாகும்வரை காத்திருந்தேன். என்னால் அதிகமாகத் தர முடியாது. அவர்கள்தான் பக்கத்தில் வர வேண்டும். நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. வந்தார்கள்.

"அந்த வட்டத்தில என்ன நடந்துச்சுன்னு சொல்லுதேன். பக்கத்தில வாரியர்னு ஒரு சின்னக் கப்பல். அடிபட்டு நிக்கி. எதிரி அதத்தான் அடிச்சிட்டிருந்தான். வார்ஸ்பைட் குறுக்க வந்ததும் பீரங்கியெல்லாம் இங்க திரும்பிருச்சு. வாரியர் விலகிப் போச்சு. மறுநாள் அது மூழ்கிருச்சு. அதுக்குள்ள மிச்ச ஆளுகள வேற கப்பல்ல ஏத்திட்டாங்க. வார்ஸ்பைட் அத்தன அடியும் வாங்கிட்டு, சொந்த எஞ்சின்லயே ஊர் போய்ச் சேந்துச்சு."

எபனேசரைப் பார்த்தேன். "பிஸ்மார்க் பெரிய கப்பல்தான். அதோட ஒரே சண்டைப் பயணம் அது. ஹூட்ட அடிச்ச மூணாம் நாள் முங்கிருச்சு. ஏன்? டார்பிடோ பட்டு அதுக்கும் சுக்கான்தான் மாட்டுச்சு. சுக்கான் ரெண்டு கப்பலுக்கும் மாட்டுச்சு. ஒண்ணு வீட்டுக்கு வந்துச்சு."

இங்கேதான் முதல் கைதட்டு. ஆவுடையப்பன் சாரே தலையை ஆட்டினார்.

"யமாட்டோ மாதிரிப் பீரங்கி யாருக்கும் இல்ல. ஆனா எதிரிக் கப்பலக் கண்ணுக்கு முன்னால பாத்துச் சுட்டது ஒரே ஒரு சண்டையில. கடைசிப் பயணத்துக்கு, மேலயிருந்து காக்க விமானம் இல்லாம அனுப்பிட்டாங்க. ஏறக்குறைய மூவாயிரம் பேர் செத்தாங்க. கப்பலோட தப்பில்ல. ஐயோவாகிட்ட நான் குறை தேடிப் பாத்தேன். வேகம், ராடார், கவசம், எல்லாம் இருக்கு. இன்னொரு போர்க்கப்பலோட நேருக்கு நேர் மோதுற நாள் மட்டும் அதுக்கு வரல. நல்லாப் படிச்ச பிள்ள. அந்தப் பரீட்சை மட்டும் நடக்கல."

மங்கை சிரித்துவிட்டாள். நான் 1940க்கு வந்தேன். மத்திய தரைக்கடலில், ஓடிக்கொண்டே, ஓடுகிற இத்தாலியக் கப்பலை இருபத்துநான்கு கிலோமீட்டர் தள்ளி வார்ஸ்பைட் அடித்ததைச் சொன்னேன். பிறகு 1943. வானத்திலிருந்து வழிநடத்திப் போட்ட குண்டு மேலிருந்து அடிவரை துளைத்துக்கொண்டு போனது. அடியில் விழுந்த ஓட்டையைக் கான்கிரீட் வைத்து அடைத்தார்கள். ஒரு கொதிகலன் அறையைக் கடைசிவரை சரிசெய்யவே இல்லை. எட்டில் இரண்டு பீரங்கி வேலை செய்யவில்லை.

"அந்தக் கப்பல, படை கரையிறங்குன நார்மண்டிக்குக் கூப்பிட்டாங்க. ஜூன் ஆறு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து…"

குரல் போய்விட்டது. ஏழாவது நிமிடமாக இருக்கும். வாய் அசைகிறது, காற்று மட்டும் வருகிறது. ரெக்ஸன் நாலாவது வரிசையில் எழுந்து நிற்பதைப் பார்த்தேன். அவர் ஏறி வந்து எனக்காகப் பேசிவிடுவாரோ என்று ஒரு கணம் பயந்தேன். அவர் வரவில்லை. நின்றார், அவ்வளவுதான்.

தண்ணீர் குடித்தேன். மூன்று வரை எண்ணினேன். ரேடியோவில் பேச்சு அறுந்தால் என்ன செய்வோமோ அதையே செய்தேன்.

"மறுபடியும் சொல்லுதேன்" என்றேன். கரகரவென்று வந்தது.

பின்வரிசையிலிருந்து ஒரு பைலட், உட்கார்ந்தபடியே, சாதாரணமாகச் சொன்னார்: "கேக்குது. சொல்லுங்க."

பதினான்கு வருடம் நான் அவர்களுக்குச் சொன்ன பதில்.

"ஒன்று. ஒன்பது. நான்கு. நான்கு. ஜூன் ஆறு. எட்டுப் பீரங்கியில ஆறுதான் சுடும். அந்த ஆற வச்சு விடியக்காலையில கரையில இருந்த பீரங்கித் தளங்கள அடிச்சுது. குண்டு தீந்ததும் போய் ஏத்திட்டு வந்து மறுபடி அடிச்சுது. முப்பது வருசம் வேலை பாத்த கப்பல். போர் முடிஞ்சு உடைக்கிறதுக்கு இழுத்துட்டுப் போனாங்க. வழியில கயிற அறுத்துக்கிட்டுப் போய்ப் பாறையில உக்காந்திருச்சு. உடைக்கிற இடத்துக்கு அது போகவே இல்ல."

இழுவைப் படகுக்காரர்கள் இருந்த பக்கத்திலிருந்து பெரிய சிரிப்பு. ரெக்ஸன் சத்தம்தான் அதில் பெரிது.

"நீளத்தையும் எடையையும் அட்டவணையில பாக்கலாம். எந்தக் கப்பல் சிறந்ததுன்னு கேட்டா, அதக் கூப்பிட்டப்பல்லாம் வந்துச்சான்னு நான் கேப்பேன். வார்ஸ்பைட் வந்துச்சு. முடிச்சுக்கிடுதேன்."

ஒரு நிமிடம் மீதமிருந்தது. கைதட்டல் அதையும் தாண்டிப் போனது. பைலட்டுகள் எழுந்து நின்றார்கள்.

நடுவர் நேரம் எடுத்துக்கொண்டார். கண்ணில் பட்டதும் எதிரி நடுங்க வேண்டிய கப்பல் யமாட்டோதான், இன்று ஒன்று கட்டச் சொன்னால் ஐயோவாவைத்தான் கட்டச் சொல்வேன் என்றார். "ஆனா தலைப்பு அது இல்ல. வாழ்ந்து காட்டுனதில தலைசிறந்தது எதுன்னா, எனக்குக் குழப்பமே இல்ல. வார்ஸ்பைட்."

மேடையிலிருந்து இறங்கும்போது ஆவுடையப்பன் சார் வழியில் நின்றார். கையைப் பிடித்துக்கொண்டார். "அந்தச் சுக்கான நானே எடுத்து உன் கையில குடுத்துட்டேன் தாயி. குரல்னு சொன்னது வேற அர்த்தத்தில இல்ல. மன்னிச்சிரு."

"இருக்கட்டும் அண்ணாச்சி. நீங்க சொல்லலைன்னா நான் எப்படி ஆரம்பிச்சிருப்பேன்?"

கேப்டன் ஹரிஹரசுதனும் வந்தார். வாழ்த்தினார். "பதினாறாம் தேதி இதைக் கணக்கில எடுக்க மாட்டேன், சொல்லிட்டேன்" என்றார்.

"எடுக்கக் கூடாது சார்" என்றேன்.

வீட்டுக்கு வந்து வெந்நீர் குடித்துவிட்டு ஆவி பிடித்தேன். அழுதேன் என்று ரெக்ஸன் சொல்கிறார். அது ஆவி.

ஏப்ரல் 12, ஞாயிறு

ஈஸ்டர். மீன்காரி வந்தாள். நான் வாசலுக்குப் போகும்வரை ரெக்ஸன் நாளிதழிலிருந்து தலையைத் தூக்கவில்லை. ஊளி மீன் குழம்பு.

ஏப்ரல் 16, வியாழன்

சோதனை. நான்கு மாதத்துக்குப் பிறகு கோபுரப் படிகள். எழுபத்தெட்டு. மேலே போனதும் கடல் முழுதும் தெரிந்தது. நங்கூரப் பகுதியில் ஆறு கப்பல்.

மருத்துவக் குழுவில் மூன்று பேர். ஆறு மைல் வெளியே படகில் ஒரு அதிகாரி, கையில் காகிதத்தோடு. நாற்பது செய்திகள் கொடுத்தார்கள். கப்பல் பெயர், ஆழம், தளம், நேரம், திசை. கீழ்க்குரலில், நான்கு நான்கு சொல்லாகச் சொன்னேன். இருபத்தாறாவதில் குரல் அறுந்தது. நிறுத்தி, மறுபடி சொன்னேன். படகு திரும்பி வரும்வரை ஜன்னலோரம் நின்றேன். குழுவில் ஒருவர் டீ கொடுத்தார். குடித்தேனா என்று நினைவில்லை.

கேப்டன் இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விரலால் ஒவ்வொரு வரியாக இறங்கினார். நாற்பதாவது வரியில் விரல் நின்றது.

"ஒரு பிழைகூட இல்லை" என்றார். "முன்னாடி நீங்க வேகமாப் பேசுவீங்க. அப்ப எனக்கே சில நேரம் ரெண்டு தடவை கேக்க வேண்டியிருந்தது."

திங்கள் முதல் வரச் சொன்னார். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை கட்டாய ஓய்வு.

ஏப்ரல் 20, திங்கள்

காலை ஆறு மணி ஷிப்ட். உட்கார்ந்து இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, கொழும்பிலிருந்து வந்த சரக்குப் பெட்டிக் கப்பல் ஒன்று கூப்பிட்டது. பதில் சொன்னேன். பிறகு மாலுமி கேட்டார், இது புது ஆளா என்று.

இல்லை, பழைய ஆள்தான் என்றேன். மூன்றாம் தளம், பைலட் ஆறு நாற்பதுக்கு, வேகம் ஐந்து.

அவர் அப்படியே திருப்பிச் சொன்னார். எல்லாம் சரி.

இன்று மொத்தம் பதினோரு கப்பல். ஏழு உள்ளே, நான்கு வெளியே. தொண்டை எரிகிறது. நாளையும் காலை ஷிப்ட்தான்.